உரக்கடையோடு நின்றுவிடாதீர்கள்: உழவர் நிறுவன இயக்குநர்களுக்கு ஒரு பங்குதாரரின் திறந்த மடல்

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இயக்குநர்களுக்கு வணக்கம்.

அரூர்ப் பக்கம் போனாலும் அஞ்செட்டிப் பக்கம் போனாலும் உங்கள் பெயர்ப்பலகைகள் கண்ணில் படுகின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தென்படுவது உரமூட்டை, நுண்ணூட்டக் கலவை, பூச்சிமருந்துப் புட்டிகள், ஒரு மேசை, அதன் மேல் தூசி படிந்த ஒரு கணினி. அதே தெருவில் கூட்டுறவுக் கடன் சங்கம் உரம் விற்கிறது. நான்கு கடை தள்ளித் தனியார் ஒருவரும் விற்கிறார். அவர் கடனுக்கும் கொடுக்கிறார். ஊருக்கு மூன்றாவது உரக்கடை வேண்டும் என்று நான் பங்குத்தொகை கட்டவில்லை. என் விளைச்சலை என்னைவிடச் சாமர்த்தியமாக விற்றுத் தர ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கட்டினேன். அந்த ஆள் நீங்கள்தான் என்று உறுப்பினர் சேர்க்கும்போது சொன்னீர்கள்.

நான் பாலக்கோடு வட்டத்துக்காரன். கொஞ்சம் மாந்தோப்பு, பெரும்பகுதி பெங்களூரா ரக மா. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், சொட்டுநீர்க் குழாயில் தக்காளி. மேட்டு நிலத்தில் மழையை நம்பிக் கேழ்வரகு. இந்த இரண்டு மாவட்டங்களில் இப்படிக் கலந்து பிழைக்கிறவர்கள் ஏராளம். ஆகவே நான் எழுதுவது என் ஒருவனின் மனக்குறை அல்ல என்ற துணிவோடு எழுதுகிறேன்.

முதலில் மாங்காயைப் பேசிவிடுவோம், அதில்தான் பெரிய அடி விழுந்தது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் பெங்களூரா கிலோ பத்து ரூபாயைக்கூடத் தொடாமல் சரிந்தபோது பறிப்புக் கூலி, வண்டி வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை என்று காயை மரத்திலேயே விட்டவர்களை எனக்குத் தெரியும். அதே வாரங்களில் எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆந்திர அரசு, மாங்கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அதற்கு மேல் 4 ரூபாயை அரசே தரும் என்று அறிவித்து 12 ரூபாய்க்கு வழி செய்தது. வெளிமாநில பெங்களூரா உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்டத்தில் தடையும் போட்டார்கள். கர்நாடகம் மத்திய அரசிடம் பேசி, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற சந்தைத் தலையீட்டு விலையை அடிப்படையாக வைத்து, இரண்டரை லட்சம் டன்னுக்கு விலை வித்தியாசத் தொகை வாங்கியது. அங்கே உழவர் சார்பில் பேச யாரோ எண்களோடு போயிருக்கிறார்கள். நம் பக்கம் சாலையில் மாங்காயைக் கொட்டினோம், நாளிதழில் படம் வந்தது.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். அது வேறு மடல். உங்களிடம் நான் கேட்பது இது: விலை விழப்போகிறது என்று பிப்ரவரியிலேயே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். பெங்களூரா பெரும்பாலும் கூழுக்குப் போகிற காய். ஆலைக் கிடங்கில் முந்தைய ஆண்டுக் கூழ் தேங்கிக் கிடந்தால் அடுத்த பருவத்தில் கொள்முதல் சுருங்கும். சவூதி அரேபியா, ஏமன் போன்ற மேற்காசிய நாடுகளுக்குப் போகும் கப்பல் தடைபட்டால் கூழ் கிடங்கில்தான் நிற்கும். பானம் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் எவ்வளவு கேட்டிருக்கின்றன என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் தேநீர்க்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காது கொடுத்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு தனி விவசாயி இதைச் செய்ய மாட்டான். முந்நூறு பேருக்கு மேல் உறுப்பினர்களை வைத்திருக்கும் நிறுவனம் செய்தாக வேண்டும். ஜனவரி முதல் மே வரை மாதம் ஒருமுறை ஒரு பக்கம் எழுதி எங்கள் கைப்பேசிக்கு அனுப்புங்கள்: தேக்கம் எவ்வளவு, பூப் பிடிப்பு எப்படி, ஆந்திராவில் என்ன நிலை. ட்ரோன் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டிய தொழில்நுட்பம் இதுதான், செலவும் இல்லை.

அடுத்தது எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். இன்று ஆலை வாசலில் வண்டி நிற்கும் வரிசையில்தான் விலை முடிவாகிறது. காய் பழுத்துக்கொண்டே இருக்கும். நேரம் அவர்கள் பக்கம். எடைப் பாலத்தில் கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது வாய்க்கணக்கு. கூழுக்கு ஆலை பார்ப்பது இனிப்பின் அளவை. பெங்களூரா கூழுக்குப் பொதுவாக 14 பிரிக்ஸ் எதிர்பார்க்கிறார்கள். அதை அளக்கும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். அந்தக் கருவியோடு தோப்புக்கு வந்து, முற்றிய காயைப் பிரித்து, நூறு டன்னை ஒரே தரமாக ஒரே நாளில் தருகிறோம் என்று நிறுவனம் பேசினால் ஆலைக்காரர் நாற்காலி போட்டுப் பேசுவார். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினாலும் நூறு டன்னுக்கு ஒரு லட்சம். இத்தனை ஆண்டு உரம் விற்று நீங்கள் கண்ட லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குக் குறுக்கே நிற்பது பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விடும் நம் பழக்கம். அவசரத்துக்குப் பணம் கிடைக்கிறது, அதனால் விடுகிறோம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இலைப்பேனுக்கும் தத்துப்பூச்சிக்கும் குத்தகைக்காரர் எந்த மருந்தை எத்தனை முறை அடித்தார் என்பது தோப்புக்காரருக்கே தெரியாமல் போகிறது. இன்று ஏற்றுமதியாளர் கேட்கும் முதல் காகிதமே மருந்தடிப்புப் பதிவேடுதான். கூழில் நஞ்சு எச்சம் வரம்பைத் தாண்டினால் சரக்கு துறைமுகத்திலிருந்து திரும்பி வரும். அதன் வலி அடுத்த ஆண்டு விலையில் நம் தலையில் இறங்கும். குத்தகைக்காரர் தரும் முன்பணத்தில் பாதியையாவது நிறுவனம் தர முடிந்தால் போதும், பல தோப்புகள் உங்கள் கைக்கு வந்துவிடும். பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆலைகளுக்குப் பின்புறம் கொட்டை மலைபோல் குவிந்து நாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பருப்பில் உள்ள கொழுப்பு கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் சாக்லேட்டில் 5 விழுக்காடு வரை சேர்க்க அனுமதித்திருக்கும் ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. நாளையே நீங்கள் ஆலை கட்டுங்கள் என்று சொல்லவில்லை. கொட்டையை உலர்த்தி, உடைத்து, பருப்பாக்கி விற்பது ஊரிலேயே பெண்கள் செய்யக்கூடிய வேலை. வாங்குகிறவரைத் தேடிப் பிடிப்பதுதான் நிறுவனத்தின் வேலை. 2025 செப்டம்பர் 22 முதல் பழக்கூழ் பானங்களுக்குச் சரக்கு சேவை வரி 12லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்த ஏழு விழுக்காட்டில் தோப்புக்கு எதுவும் வரவேண்டாமா என்று ஆலைக்காரரிடம் யார் கேட்டீர்கள்?

தக்காளிக்கு வருகிறேன். 2023 ஜூலையில் கடைகளில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த ஜூலையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நாற்று நட்டோம். பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ராயக்கோட்டை மண்டியிலும் பாலக்கோட்டிலும் காலையில் விலையை நிர்ணயிப்பது கோலார்ச் சந்தை. கோலாரில் வரத்து எவ்வளவு என்பதை விடிவதற்கு முன்பே மண்டிக்காரர் தெரிந்து வைத்திருக்கிறார். பெட்டியை இறக்கும் நமக்குத் தெரியாது.

இதே ஊரில் பட்டுக்கூடு விற்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் குவியலாக வைக்கிறார்கள். பலர் முன்னால் ஏலம் நடக்கிறது, தரத்துக்குத் தக்க விலை போகிறது, எடைக்குச் சீட்டு உண்டு. அதே விவசாயி மறுநாள் தக்காளிப் பெட்டியோடு மண்டிக்குப் போனால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை வாங்கிக்கொண்டு வருகிறார். மல்பெரி நட்டவருக்குக் கிடைத்த மரியாதை தக்காளி நட்டவருக்கு ஏன் கிடைக்கவில்லை? பட்டு வளர்ச்சித் துறை ஒரு இடத்தைக் கட்டி, விதியைப் போட்டு, கண்காணித்தது. நம் காய்கறிக்கு அப்படி ஒன்றை நிறுவனங்கள் நான்கு சேர்ந்து செய்யலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கட்டடமும் தராசும் இருக்கின்றன. 2016 ஏப்ரலில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையும் இருக்கிறது. இல்லாதது வரிசையாகச் சரக்கைக் கொண்டு வந்து இறக்கும் ஒரு கூட்டம். அந்தக் கூட்டமாக இருக்கத்தானே உங்களைப் பதிவு செய்தார்கள்?

ஓசூரைச் சுற்றிப் பெங்களூருக்குக் காய்கறி அனுப்பும் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் மையங்கள் வந்துவிட்டன. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்குக் காய் எங்கிருந்து போகிறது என்று நினைக்கிறீர்கள்? தளி, கெலமங்கலம், இராயக்கோட்டை. அவர்கள் நல்ல காயை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள், மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது உண்மையான குறை. தனி ஆளாகப் போனால் மிச்சம் தெருவுக்குத்தான் போகும். நிறுவனம் தரம் பிரித்து, முதல் தரத்தை அங்கேயும் இரண்டாம் தரத்தை மண்டிக்கும் மூன்றாவதை உலர்த்தவோ கூழாக்கவோ அனுப்பினால் எந்தப் பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. இதற்கு வேண்டியது ஒரு கொட்டகை, பிரிப்பு மேசை, கணக்கு எழுதத் தெரிந்த ஓர் ஆள்.

நாற்றையும் சொல்லிவிடுகிறேன். கத்தரி இனத்து வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று பாக்டீரிய வாடலையும் நீர் தேக்கத்தையும் தாங்குகிறது. குழித்தட்டு நாற்றங்கால்கள் நம் பக்கம் நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் தனியார் கையில். உரம் விற்றே ஆக வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள்; அதோடு நாற்றும் விற்றால் எந்த வாரம் யார் எத்தனை ஏக்கர் நடுகிறார்கள் என்ற கணக்கு தானாகவே உங்கள் கைக்கு வரும். எழுபது எண்பது நாள் கழித்து எவ்வளவு வரத்து இருக்கும் என்பதை அந்தக் கணக்குதான் சொல்லும்.

கேழ்வரகில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல செய்திதான். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 2022-23இல் அது 3,578. 2023இல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியபோது இங்கே விளைந்தது இங்கேயே போய்ச் சேரும் வழி பிறந்தது. வாங்கும் நிலையத்தில் ஈரப்பதம், தூசி என்று திருப்பி அனுப்பாமல் இருக்க, நிறுவனம் ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான். கேழ்வரகு பிஸ்கட், கேழ்வரகு நூடுல்ஸ் என்று எல்லா நிறுவனமும் ஒரே பொட்டலத்தை அச்சடித்துக் கண்காட்சி மேசையில் அடுக்குவதை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். வாங்குகிறவர்கள் அதே கண்காட்சிக்கு வந்த மற்ற நிறுவனத்துக்காரர்கள்தான்.

புளி அப்படியல்ல. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியை அப்போதே விற்றால் ஒரு விலை. நிறம் கறுக்காமல் குளிர்பதனக் கிடங்கில் வைத்து ஐப்பசியில் விற்றால் வேறு விலை. இந்த வித்தியாசத்தில்தான் புளி வியாபாரிகள் வீடு கட்டியிருக்கிறார்கள். கொட்டையெடுக்கும் பெண்கள் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள்; எடுத்த கொட்டையோ நெசவுக்கும் சணலுக்கும் கஞ்சி போடும் மாவாகிறது. பென்னாகரம் பக்கத்து நிறுவனங்கள் இதைத் தங்கள் தொழிலாக எடுத்துக்கொள்ளாமல் உரத்துக்கு உரிமம் தேடுவது எனக்குப் புரியவில்லை.

அதியமான் மரபினர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்று ஔவையார் பாடி வைத்திருக்கிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி; நமக்குப் புதுப் பயிர் புதிதல்ல. ஆனால் இப்போது வரும் புதுமைகளில் பாதி, பயிருக்காக வருவதில்லை, மானியத்துக்காக வருகிறது. ட்ரோனை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் சரி. முப்பது வயது மாமரத்தில் இலைப்பேன் ஒளிந்திருப்பது பூங்கொத்தின் உள்ளே. மேலே இருந்து பத்து லிட்டர் தெளித்து அதைப் பிடிக்கலாம் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். பசுமைக்குடில் ஓசூர், தளி மேட்டு நிலத்துக்குப் பொருந்தும். தளியில் இந்தோ-இஸ்ரேல் கொய்மலர் மையம் இருக்கிறது, அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா வளாகம் காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர்ச்சியும் விமான நிலையமும் பக்கத்தில் இருக்கின்றன. மொரப்பூர் வெயிலில் அதே குடிலைப் போட்டு, பாதி மானியம் கிடைத்ததே என்று மகிழ்ந்து, மீதிப் பாதிக்கு வட்டி கட்டி, சில ஆண்டுகளில் கிழியும் மேற்கூரைத் தாளை மாற்றக் காசில்லாமல் நிற்கும் இரும்புக் கூடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொட்டுநீருக்கு மட்டும் நான் மானியத்தைக் குறை சொல்ல மாட்டேன். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு என்று அரசு தந்ததுதான் வறண்ட எங்கள் மேட்டில் தக்காளியை நிறுத்தி வைத்திருக்கிறது.

இப்போது பணம். பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020 பிப்ரவரி 29 அன்று தொடங்கியது. அதில் பதிவான நிறுவனத்துக்கு மூன்றாண்டில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கும். உறுப்பினர் கட்டிய பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் வரை மூலதன மானியம் உண்டு. 2 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாத நிதியும் உண்டு. 2020இல் வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரை கடனுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை. குளிர்பதனக் கிடங்கும் தரம் பிரிக்கும் கூடமும் அதற்குள் அடங்கும். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 விழுக்காடு மானியம். இவற்றின் இப்போதைய காலவரம்பை உங்கள் வங்கியிலும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப ஆலோசனைக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையமும், பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன.

வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 18 லட்சத்தில் தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 வரையும் கணக்கருக்கு 10,000 வரையும் சம்பளம் போகிறது. மூன்றாண்டு முடிந்ததும் சம்பளம் நிற்கிறது, அலுவலர் வேறு வேலைக்குப் போகிறார், கணினிக்கு மேல் தூசி படிகிறது. அந்த மூன்றாண்டுக்குள் சொந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்கும் தொழிலை நிறுவனம் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம். உர விற்பனையின் மெல்லிய லாபம் அதற்கு ஒருபோதும் போதாது. நான் விற்பனை, விற்பனை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வங்கி ஏன் உங்களுக்குக் கடன் தரத் தயங்குகிறது என்பதும் ரகசியம் அல்ல. மேலாளர் முதலில் கேட்பது தணிக்கை செய்த இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு. நிறுவனப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்யத் தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது. உங்களில் பலர் இதை அறியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று அஞ்சுகிறேன். நல்ல மனிதர்கள், ஊருக்காக வந்தவர்கள், பட்டயக் கணக்காளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்கள். அவர் பார்த்துக்கொள்ள மாட்டார்; அவருக்குக் கட்டணம் கட்டினீர்களா என்பதையே அவர் பார்ப்பார்.

அதனால் வரும் ஆண்டுப் பொதுக்குழுவில் பொன்னாடைகளையும் வாழ்த்துரைகளையும் குறைத்துவிட்டு என்ன பேச வேண்டும் என்று சொல்கிறேன். நிறுவனம் இந்த ஆண்டு உறுப்பினர்களிடமிருந்து வாங்கி விற்றது எத்தனை டன், யாருக்கு, என்ன விலைக்கு? உறுப்பினர் அல்லாதவர்களிடம் வாங்கியது எவ்வளவு? இயக்குநர்களின் சொந்தச் சரக்கு எவ்வளவு, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது? அடுத்த மாம்பருவத்துக்கு எந்த ஆலையோடு எழுத்தில் பேசப்போகிறீர்கள்? இயக்குநர்களின் சொந்தச் சரக்கைப் பற்றிய கேள்வியை உங்கள் முகத்துக்கு நேரே கேட்கச் சங்கடப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லோரும் சொந்தக்காரர்கள், பங்காளிகள், ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர்கள். அந்தச் சங்கடத்தால்தான் எழுதியே கேட்டுவிடுகிறேன்.

கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். அதோடு தணிக்கை செய்த கணக்கும் வர வேண்டும் என்பது சட்டம். கூட்டம் செல்ல மொத்த உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது கூட்டமாகாது. வாக்களிக்கும் உரிமை உள்ள உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட நீங்கள் கடமைப்பட்டவர்கள். எங்கள் ஊரில் அந்தக் காகிதம் சுற்றுக்கு விடப்பட்டிருக்கிறது. பொங்கலுக்குள் உங்கள் பதில் வந்துவிட்டால் அதை மடித்து வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பங்குதாரர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.